ஸ்க்ராட்ச்சில் கட்டிய சிப்-8 தகராறு செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் எங்களிடம் கம்ப்யூட்டர் கற்க வருகிறார்கள். பிளாக்குகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்க்ராட்ச்சில் பூனையை நடக்கவைத்து அலுத்ததும் அவர்களுக்கு வருகிற ஆசை ஒன்றுதான்: பழைய கேம் மெஷினைப் போலவே நடக்கும் நிரலை, அதாவது எமுலேட்டரை, தாங்களே கட்ட வேண்டும். கேம்பாய் வேண்டும் என்பார்கள். முதலில் சிப்-8 என்போம். கேம்பாயில் ஏறக்குறைய ஐந்நூறு கட்டளைகள். சிப்-8-ல் 35தான். 1977-ல் ஆர்சிஏ நிறுவனத்தின் காஸ்மாக் விஐபி என்ற சின்னக் கணினிக்காக ஜோசப் வைஸ்பெக்கர் உருவாக்கிய எளிய நிரல் மொழி அது. 64-க்கு 32 புள்ளித் திரை, 4096 பைட் மெமரி, 16 விசைகள். அவ்வளவுதான்.

எப்படிக் கட்டுவது என்பது இங்கே இல்லை. கட்டி முடித்த பிறகு ஓடாதபோது எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது என்பது மட்டும்.

ஸ்க்ராட்ச் பதின்ம எண்ணில் கணக்குப் போடுவதால் கட்டளைகளையும் பதின்மத்திலேயே சொல்கிறேன். திரையைத் துடைப்பது 224. சப்ரொட்டீனிலிருந்து (நடுவே போய் வரும் துணை நிரல்) திரும்புவது 238. மற்றவற்றை முதல் நான்கு பிட்டின் மதிப்பை வைத்து "8 குடும்பம்", "13 குடும்பம்" என்கிறேன். ரெஜிஸ்டர்கள், அதாவது ஆளுக்கு ஒரு பைட் வைக்கும் சின்னப் பெட்டிகள், வி0 முதல் வி15 வரை.

## எந்த அறிகுறியானாலும் முதலில்

புராஜெக்டை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். கேமை ஓட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஐபிஎம் லோகோ காட்டும் சின்ன சோதனை ரோமைப் போடுங்கள் (ரோம் என்றால் நிரலின் பைட்டுகள் அடங்கிய ஃபைல்). 132 பைட்தான். ஆறே வகைக் கட்டளைகள். அது வராமல் எந்தக் கேமும் வராது.

அப்புறம் பிசி என்கிற வேரியபிளை, அதாவது அடுத்த கட்டளை எந்த முகவரியில் என்று சொல்வதை, ஸ்டேஜில் தெரியும்படி டிக் செய்யுங்கள். லோகோ ரோம் சரியாக ஓடினால் பிசி 552-ல் வந்து நின்றுவிடும். அந்த இடத்தில் இருக்கும் கட்டளை தன்னிடமே திரும்பத் தாவுவது, அதனால் நிற்கத்தான் வேண்டும். "அண்ணே, ஹேங் ஆயிருச்சு" என்று இதற்கே வருகிற பிள்ளைகள் உண்டு. ஹேங் இல்லை, வேலை முடிந்துவிட்டது.

பிழை எங்கே என்று தெரிவதற்கு முன்னால் பிளாக்குகளைக் கலைத்து மறுபடி அடுக்க வேண்டாம். பழைய பிழையோடு புதுப் பிழையும் சேர்ந்துகொள்ளும். இங்கே வருகிற புராஜெக்டுகளில் பாதி அப்படி இரண்டு மூன்று தடவை கலைத்து அடுக்கியவை.

## திரையில் எதுவுமே வரவில்லை

பிசியைப் பாருங்கள். அது மூன்றில் ஒன்றைச் சொல்லும்.

### பிசி 512-ஐ விட்டு நகரவே இல்லை

சுலபமானது. ஓட்டும் பிளாக்கை யாரும் கூப்பிடவில்லை, அல்லது ஃபாரெவர் லூப்புக்கு வெளியே கிடக்கிறது. கட்டளையைப் படித்த கையோடு பிசியை 2 கூட்ட மறந்தாலும் இப்படித்தான். அதுவும் இல்லை என்றால், விசைக்காகக் காத்திருக்கும் பிளாக் ஒன்று முதலிலேயே மாட்டியிருக்கும். அதைப் பின்னால் "உறைந்து போகிறது" பகுதியில் பாருங்கள்.

### பிசி ஏறிக்கொண்டே போய் 4096-ஐத் தாண்டுகிறது

ரோம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சிப்-8 நிரல்கள் முகவரி 512-ல் தொடங்குகின்றன, ஏனென்றால் அந்தக் காலத்தில் முதல் 512 பைட்டில் கட்டளைகளைப் படித்து ஓட்டும் இன்டர்பிரட்டரே உட்கார்ந்திருந்தது. ஸ்க்ராட்ச் லிஸ்டோ 1-லிருந்து எண்ணும். ஆகவே முகவரி 512 என்பது லிஸ்டில் 513-ஆவது இடம்.

லிஸ்டைத் திறந்து கண்ணாலேயே பாருங்கள். லோகோ ரோமுக்கு 513-ல் 0, 514-ல் 224, 515-ல் 162, 516-ல் 42 இருக்க வேண்டும். 224 ஓரிடம் முன்னேயோ பின்னேயோ இருந்தால் பிழை கிடைத்துவிட்டது. மெமரியைத் தொடும் எல்லா இடத்திலும் முகவரியோடு 1 கூட்டியே படிக்க வேண்டும், எழுதும்போதும் அதே. ஓரிடத்தில் விட்டாலும் ஸ்க்ராட்ச் எச்சரிக்கை எதுவும் தராது. இல்லாத இடத்தைக் கேட்டால் வெற்றாகத் தந்து, கணக்கில் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும்.

எண்கள் 513-ல் இல்லாமல் 1-லிருந்தே தொடங்குகின்றனவா? ரோமை நேராக மெமரி லிஸ்டிலேயே இம்போர்ட் செய்திருக்கிறீர்கள். இம்போர்ட் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை வைக்கும். உள்ளே இருந்த எழுத்துரு (எண்களை வரையும் வடிவங்கள்) எல்லாம் போய்விடும். ரோமுக்குத் தனி லிஸ்ட் வையுங்கள். பச்சைக் கொடியை அழுத்தும்போது அதிலிருந்து மெமரிக்கு நகலெடுங்கள்.

எண்ணிக்கையையும் ஒருமுறை பாருங்கள். ரோம் லிஸ்டின் நீளமும் ஃபைலின் பைட் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். லோகோவுக்கு 132. குறைந்தால் ரோமை எண்களாக மாற்றிய இடத்தில் கோளாறு. லினக்ஸில் ‘ஓடி’ கட்டளையால் மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: ஒரே மாதிரி வரிகள் தொடர்ந்து வந்தால் அது ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டு மீதியை விழுங்கிவிடும். எல்லா வரியும் வேண்டும் என்று அதற்கான ஆப்ஷனோடு கேட்க வேண்டும். வரிக்கு ஓர் எண் என்று இருக்கட்டும். கமா போட்டு ஒரே வரியில் வைத்தால் ஸ்க்ராட்ச் எந்தக் காலம் வேண்டும் என்று கேட்டு, அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

### பிசி 552-ல் சரியாக நிற்கிறது, ஆனாலும் கருப்பு

மூளை வேலை செய்கிறது, கைதான் வரையவில்லை. பென் டவுன் போட்டீர்களா, பேனா நிறமும் பின்னணியும் ஒன்றா, வரைந்து முடித்த பிறகு எரேஸ் ஆல் வருகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். மூன்றாவதுதான் அதிகம். துடைப்பது முதலில், வரைவது பிறகு.

### படம் ஒரு கணம் வந்து மறைகிறது

இது எங்களை நிறைய அலைக்கழித்த ஒன்று. கீழக்கரைத் தம்பி ஒருவன் கொண்டுவந்தான். "காக்கா, துடைக்கச் சொல்லவே இல்லை, ஆனா துடைச்சுக்கிட்டே இருக்கு" என்றான் (அங்கே காக்கா என்றால் அண்ணன்). கட்டளைகளை எண்ணாக வைக்காமல் பதினாறடிமான எழுத்தாக வைத்திருந்தான். அந்த முறையில் துடைக்கும் கட்டளையை 00ஈ0 என்று எழுதுவார்கள், ஆங்கில எழுத்து ஈ-யைத்தான் சொல்கிறேன். ஸ்க்ராட்ச் இரண்டு மதிப்பை ஒப்பிடும்போது, எண்ணாகப் படிக்க முடிந்தால் எண்ணாகத்தான் படிக்கும். நடுவில் ஈ வந்தால் அதற்குப் பத்தின் அடுக்கு என்று பொருள். ஆக 00ஈ0 என்பதும் 0000 என்பதும் அதற்கு ஒன்றே, இரண்டும் பூஜ்யம். வெற்று மெமரியில் பிசி நுழைந்த உடனே ஒவ்வொரு 0000-மும் திரையைத் துடைக்கத் தொடங்கிவிடும். உண்மையான பிழை பிசி அங்கே போனது. கண்ணுக்குத் தெரிவதோ துடைப்பது.

தீர்வு ஒன்றுதான். மெமரியில் எல்லாம் 0 முதல் 255 வரை பதின்ம எண்களாக இருக்கட்டும். முதல் பைட்டை 256-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டி, வகுத்தும் மீதி எடுத்தும் பிரித்துக்கொள்ளுங்கள்.

## படம் வருகிறது, ஆனால் கோணலாக

தலைகீழாக இருந்தால் ஒய் திசை. சிப்-8-ல் கீழே போகப் போக எண் கூடும், ஸ்க்ராட்ச்சில் குறையும். புள்ளிக்கு 7 அளவு என்று வைத்தால் ஒய் = 112 − 7 × வரிசை − 3.5. எக்ஸ் = −224 + 7 × நெடுவரிசை + 3.5.

எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போல் இருந்தால் பிட்டுகளைக் கடைசியிலிருந்து படிக்கிறீர்கள். இடக்கோடிப் புள்ளி 128-இன் பிட். 128, 64, 32 என்று 1 வரை ஒரு லிஸ்ட் வைத்து, பைட்டை அதால் வகுத்து, ஃப்ளோர் எடுத்து, 2-ஆல் மீதி பாருங்கள்.

புள்ளிகளுக்கு நடுவே கோடு கோடாக இடைவெளி தெரிகிறதா? ஸ்டேஜ் அகலம் 480. அதை 64-ஆல் வகுத்தால் 7.5 வரும். பிள்ளைகள் அப்படியே 7.5 போடுவார்கள். அரைப் புள்ளியில் நிற்பதால் ஓரம் மங்கும். 7 போதும், சுற்றிலும் கொஞ்சம் கருப்பு விட்டால் ஒன்றும் குறையாது. பேனா வைக்கும் புள்ளி வட்டமாகத்தான் விழும் என்பதால் மூலையில் துளை தெரிந்தால், பேனாவை விட்டுவிட்டுச் சதுரக் காஸ்ட்யூமை ஸ்டாம்ப் செய்யுங்கள். குளோன் வைத்து வரைய முயல வேண்டாம். ஸ்க்ராட்ச் 300 குளோனுக்கு மேல் விடாது, இங்கே தேவை 2048.

படத்தின் ஒரு துண்டு எதிர்ப்பக்க ஓரத்தில் முளைத்தால்: தொடங்கும் இடத்தை மட்டும்தான் 64, 32-ஆல் மீதி எடுக்க வேண்டும். அதன் பிறகு ஓரத்தைத் தாண்டும் புள்ளிகளை விட்டுவிட வேண்டும்.

## மட்டை போகும் வழியெல்லாம் கோடு விழுகிறது. பந்து மட்டைக்குள் புகுந்து போகிறது

இரண்டும் 13 குடும்பத்துப் பிழை, அதாவது படம் வரையும் கட்டளையில்.

கோடு விழுவதற்குக் காரணம், புள்ளியை 1 என்று எழுதிவிடுவது. சிப்-8 அழிப்பதற்குத் தனிக் கட்டளை வைக்கவில்லை. வரைந்ததையே மறுபடி வரைந்தால் அழியும். ஸ்க்ராட்ச்சில் எக்ஸ்ஓஆர் (இரண்டு பிட்டும் வேறானால் 1, ஒன்றானால் 0) கிடையாது என்று பயப்பட வேண்டாம். ஒரே புள்ளிதானே, இருப்பதோடு 1 கூட்டி 2-ஆல் மீதி எடுத்தால் போதும். படத்தின் பிட் 0-ஆக இருந்தால் எதையும் தொடக் கூடாது.

பந்து புகுந்து போவதற்கு வி15-ஐப் பாருங்கள். ஏற்கெனவே எரிகிற புள்ளி அணைந்தால் வி15 = 1. பெரும்பாலும் என்ன செய்துவிடுகிறார்கள் என்றால், ஒவ்வொரு வரிசையிலும் "மோதினால் 1, இல்லாவிட்டால் 0" என்று போடுகிறார்கள். முதல் வரிசையில் மோதல் பதிவாகும், அடுத்த வரிசை அதை அழித்துவிடும். வரையத் தொடங்கும் முன் ஒரே தடவை 0. அப்புறம் 1 ஆக்க மட்டும்தான் அனுமதி.

படம் மினுக் மினுக்கென்று இருந்தால் பிழை என்று நினைக்காதீர்கள். அழித்து அழித்து வரைகிற மெஷின் அப்படித்தான் மினுக்கும். எல்லாக் கட்டளையும் ஓடி முடிந்த பிறகு ஃப்ரேமுக்கு ஒருமுறை மட்டும் ஸ்டேஜில் வரைந்தால் ஓரளவு அடங்கும்.

## விசை அழுத்தினால் வேலை செய்யவில்லை

முதலில் ஸ்டேஜை ஒருமுறை கிளிக் செய்துவிட்டு அழுத்துங்கள். சிரிக்காதீர்கள், பாதிப் பேருக்கு இதுதான்.

### 1, 2, 3 வேலை செய்கிறது, கீழ் வரிசைகள் செத்துக் கிடக்கின்றன

கீபோர்டு தமிழில் இருக்கிறது. தமிழ்99-ல் இருக்கும்போது க்யூ விசையை அழுத்தினால் ஆ தான் போகும். ஸ்க்ராட்ச் க்யூவுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். எண்கள் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் மேல் வரிசை பிழைத்துக்கொள்கிறது. டாஸ்க்பாரில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். ஒரே லேப்டாப்பில் அக்கா தமிழில் டைப் செய்து, தம்பி கேம் ஓட்டுகிற வீடுகளில் இது வாரம் ஒருமுறை வரும்.

### எல்லா விசையும் போகிறது, ஆனால் மேலே என்றால் பக்கவாட்டில் போகிறது

அந்தக் காலத்து விசைப்பலகை வரிசையாக 0 முதல் 15 வரை இல்லை. மேல் வரிசை 1, 2, 3, 12. அடுத்து 4, 5, 6, 13. அடுத்து 7, 8, 9, 14. கடைசி 10, 0, 11, 15. நம் கீபோர்டில் 1-லிருந்து நான்கு, க்யூவிலிருந்து நான்கு, ஏ-யிலிருந்து நான்கு, இசட்டிலிருந்து நான்கு என்று சதுரமாக எடுத்து இதே வரிசையில் பொருத்துங்கள்.

### தொடாமலே ஓடுகிறது, தொட்டால் நிற்கிறது

14 குடும்பத்தில் கடைசி பைட் 158 என்றால் "அழுத்தியிருந்தால் அடுத்ததைத் தாண்டு". 161 என்றால் "அழுத்தாவிட்டால் தாண்டு". இடம் மாறிப் போயிருக்கின்றன.

### நோட்பேடிலும் அந்த எழுத்து வரவில்லை

இது புரோகிராம் கோளாறே இல்லை. ஒவ்வொரு முறையும் நோட்பேடில் தட்டிப் பார்த்த பிறகுதான் பிளாக்குகளைத் தொட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

நம் கடற்கரையில் ஜன்னல் ஓரம் வைத்த லேப்டாப்பின் கீபோர்டு நீண்ட நாள் தாங்காது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேசையை விரலால் தடவினால் உப்பும் பொடி மணலும் ஒட்டிக்கொண்டு வரும். அதேதான் விசைகளுக்கு அடியிலும். அரசு கொடுத்த இலவச லேப்டாப்பைக் கழற்றினால் கீபோர்டு ரிப்பனின் முனை பச்சை பூத்திருப்பதைப் பார்க்கலாம். ஒரு விசை மட்டும் போனால் அடியில் குப்பை. ஒரே வரிசையில் அல்லது அங்கொன்று இங்கொன்றாக நான்கைந்து சேர்ந்து போனால் ரிப்பன் அல்லது உள் தகடு.

யுஎஸ்பி கீபோர்டு ஒன்றை மாட்டிப் பாருங்கள். அதில் சரியாக வந்தால் சில நூறு ரூபாயோடு விஷயம் முடிந்தது, கேமுக்கு அதுவே போதும். அதுவும் விட்டு விட்டு வேலை செய்தால் யுஎஸ்பி போர்ட்டில் உப்பு. கரண்டை நிறுத்தி, பேட்டரி கழற்ற வருமானால் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மென் பிரஷ்ஷால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். தேங்காயெண்ணெய் விடுவது, உப்புத்தாள் போடுவது இரண்டும் வேண்டாம். அதற்கும் சரியாகவில்லை என்றால், அல்லது கழற்றியபோது போர்டிலேயே பச்சை தெரிந்தால், நிறுத்திக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் டவுனில் சிப் லெவல் வேலை பார்க்கிற கடைக்குக் கொண்டுபோக வேண்டிய நேரம் அது.

மூன்று விசையைச் சேர்த்து அழுத்தினால் மட்டும் ஒன்று விழவில்லை என்றால் அது மலிவுக் கீபோர்டுகளின் இயல்பு. ரிப்பேர் கிடையாது.

## மெதுவாக ஊர்கிறது

மெமரி லிஸ்ட் ஸ்டேஜில் தெரிகிறதா? மறையுங்கள். 4096 வரியை ஒவ்வொரு ஃப்ரேமிலும் காட்டச் சொன்னால் எந்த லேப்டாப்பும் திணறும். சோதனைக்குக் காட்டியதை மறைக்க மறப்பதுதான் முதல் காரணம்.

அடுத்து, கட்டளையை ஓட்டும் கஸ்டம் பிளாக்கைத் திறந்து "ரன் வித்தவுட் ஸ்க்ரீன் ரிஃப்ரெஷ்" டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஃப்ரேம் போகும். ஸ்க்ராட்ச் நொடிக்கு 30 ஃப்ரேம். அதாவது நொடிக்கு 30 கட்டளை. பெரும்பாலான கேமுக்கு நொடிக்கு 600 பக்கம் தேவை. டிக் போட்டு, ஃப்ரேமுக்கு 20 தடவை ரிப்பீட் வையுங்கள். 30 × 20, கணக்கு சரியாகிவிடும்.

அப்படியும் ஊர்ந்தால் வரைவதில்தான் நேரம் போகிறது. திரை மாறிய ஃப்ரேமில் மட்டும் வரையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் எரிந்தால் ஒவ்வொன்றாக வைக்காமல் ஒரே கோடாக இழுங்கள். 2048 புள்ளிக்கும் போய் வருவதைவிட எரிகிறதற்கு மட்டும் போவது எவ்வளவோ மேல்.

சார்ஜரைப் பிடுங்கினால் மெதுவாகிறது என்றால் விண்டோஸின் பவர் செட்டிங்கை மாற்றுங்கள். பிரவுசரில் ஓட்டுகிறவர்கள் ஹார்டுவேர் ஆக்சலரேஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் முடிந்தும் போதவில்லையா? அதே ஃபைலை டர்போவார்ப்பில் திறங்கள். அது ஸ்க்ராட்ச் பிளாக்குகளை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றி ஓட்டுவதால் வேகம் பல மடங்கு கூடும். இன்டர்நெட் இல்லாமல் ஓடும் டெஸ்க்டாப் வடிவமும் இருக்கிறது. சிக்னல் வந்து வந்து போகிற இடங்களில் அதுதான் வசதி. பைத்தானுக்கு மாற்றி எழுதுவது கடைசி வழி. சிப்-8-க்கு அது தேவைப்பட்டதாக நான் பார்க்கவில்லை. கேம்பாய்க்குப் போகிறவன் போகட்டும்.

## கண்மூடித் திறப்பதற்குள் கேம் முடிந்துவிடுகிறது

ஷிஃப்டைப் பிடித்தபடி பச்சைக் கொடியை அழுத்தியிருப்பீர்கள், டர்போ மோட் ஆனாகியிருக்கும். அதை அணைத்தும் வேகமென்றால் ரிப்பீட் எண்ணிக்கையைக் குறையுங்கள். கேமுக்குக் கேம் இது மாறும், அதனால் அதை ஒரு வேரியபிளாக வைத்து ஸ்லைடர் போட்டுவிடுவது நல்லது.

## நடுவில் உறைந்து போகிறது

மூன்று காரணம், மூன்றும் வேறு வேறு.

டைமர் பூஜ்யத்தைத் தாண்டிவிட்டது. சிப்-8-இன் டைமர் நொடிக்கு 60 தடவை குறைய வேண்டும். ஸ்க்ராட்ச்சில் 30 ஃப்ரேம்தான் என்பதால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் 2 குறைப்பார்கள். அதுவரை சரி. டைமர் 1-ல் இருக்கும்போது 2 குறைத்தால் −1. கேமோ "0 ஆனதா, 0 ஆனதா" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். 0 வரவே வராது. டைமரை ஸ்டேஜில் காட்டுங்கள், மைனஸ் எண் தெரிந்தால் இதுதான். குறைத்த பிறகு 0-க்குக் கீழே போனால் 0 என்று வைத்துவிடுங்கள்.

விசைக்காகக் காத்திருப்பது. 15 குடும்பத்தில் கடைசி பைட் 10 என்றால் விசை விழும்வரை நில் என்று பொருள். அதற்கு உள்ளேயே ஒரு ரிப்பீட் அன்டில் வைத்தால், அது ஸ்க்ரீன் ரிஃப்ரெஷ் இல்லாத பிளாக்குக்குள் சிக்கிக்கொள்ளும். ஸ்க்ராட்ச் அரை நொடிக்கு ஒருமுறைதான் மூச்சு விடும். திரையும் விசையும் செத்தது போல் ஆகிவிடும். லூப்பே வேண்டாம். விசை இல்லையென்றால் பிசியிலிருந்து 2-ஐக் கழித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அடுத்த சுற்றில் அதே கட்டளை தானாக மறுபடி வரும்.

சத்தம். ஒவ்வொரு பீப்புக்கும் கேம் ஒரு கணம் நிற்கிறதா? "பிளே சவுண்ட் அன்டில் டன்" போட்டிருக்கிறீர்கள். "ஸ்டார்ட் சவுண்ட்" போடுங்கள்.

## நேற்று ஓடியது, இன்றைக்கு ஓடவில்லை

முதல் தடவை சரி, பச்சைக் கொடியை மறுபடி அழுத்தினால் கோளாறு என்பதும் இதே வகைதான். ஸ்க்ராட்ச்சில் வேரியபிளும் லிஸ்டும் தாமாகக் காலியாவதில்லை. ஃபைலைச் சேமித்தால் அந்த மதிப்புகளும் சேர்ந்தே சேமிக்கப்படும். கொடிக்குக் கீழே இவை எல்லாம் இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள்: பிசி 512, ஐ ரெஜிஸ்டர் (மெமரி முகவரியை வைத்திருப்பது) 0, 16 ரெஜிஸ்டரும் 0, இரண்டு டைமரும் 0, ஸ்டாக் (திரும்பிப் போக வேண்டிய முகவரிகளின் லிஸ்ட்) காலி, திரை 2048 பூஜ்யம், மெமரி முழுக்கப் பூஜ்யமாக்கி எழுத்துருவையும் ரோமையும் புதிதாக நகலெடுப்பது. மெமரி ஏன் என்றால் சில கேம்கள் ஓடும்போதே தம் மெமரியில் எழுதிக்கொள்ளும்.

எல்லாம் இருந்தும் சிறிது நேரம் ஓடிய பிறகு தடம் புரண்டால் ஸ்டாக் லிஸ்டைக் காட்டுங்கள். ஏறுவதும் இறங்குவதுமாக இருக்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் 238-ல் கடைசி முகவரியை எடுத்த பிறகு லிஸ்டிலிருந்து நீக்கவில்லை. அந்தக் காலத்து மெஷினில் 12 படிதான் இருந்தது. ஸ்க்ராட்ச் லிஸ்ட் அளவில்லாமல் வளர்வதால் பிழை வெளியே தெரியாமல் ஓடும்.

## ஸ்கோர் குப்பையாகத் தெரிகிறது

எண்ணின் வடிவமே இல்லை என்றால் எழுத்துரு. ஒவ்வோர் எண்ணுக்கும் 5 பைட், 16-க்கும் சேர்த்து 80. எங்கே வைத்தீர்களோ அந்த முகவரியோடு எண் × 5 கூட்டியதே ஐ ரெஜிஸ்டரில் போக வேண்டும்.

வடிவம் சரி, மதிப்புத் தப்பு என்றால் கணக்குப் போடும் 8 குடும்பத்தைப் பாருங்கள். கூட்டலில் 255-ஐத் தாண்டினால் வி15 = 1. கழித்தலில் அப்படியே எதிர்: கடன் வாங்காவிட்டால்தான் 1. இதைத் தலைகீழாக எழுதாதவர்கள் குறைவு. வி15-ஐ விடைக்குப் பிறகு கடைசியில் எழுதுங்கள், முன்னால் எழுதினால் கணக்கில் இருக்கும் வி15 கெட்டுவிடும். மைனஸ் விடையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஸ்க்ராட்ச்சின் மாட் பிளாக் 256-ஆல் மீதி எடுத்தால் நேர் எண்ணாகவே தரும்.

## எல்லாக் கேமும் ஓடுகிறது, ஒன்று மட்டும் மக்கர்

உங்கள் பக்கம் பிழையே இல்லாமலும் இருக்கலாம். 1990-களின் தொடக்கத்தில் எச்பி-48 கால்குலேட்டருக்குச் சிப்-8 போனபோது சில கட்டளைகளின் நடத்தை மாறிவிட்டது. எழுதப்பட்ட கேம்கள் சில பழையதை நம்புகின்றன, சில புதியதை.

முதலில் 8 குடும்பத்தில் 6, 14 என்று முடியும், பிட்டுகளை ஓரிடம் தள்ளும் நகர்த்தல்கள். பழைய மெஷினில் கட்டளை சொல்லும் இரண்டாவது ரெஜிஸ்டரை (ஒய்) நகர்த்தி முதலாவதில் (எக்ஸ்) வைக்கும், புதியதில் எக்ஸையே நகர்த்தும். அடுத்து 15 குடும்பத்தில் 85, 101, அதாவது ரெஜிஸ்டர்களை மெமரியில் எழுதுவதும் மெமரியிலிருந்து படிப்பதும். பழையது முடித்ததும் ஐ ரெஜிஸ்டரை முன்னே தள்ளிவிடும், அந்தக் கால்குலேட்டர்களுக்கு வந்த சூப்பர்-சிப் என்ற வடிவம் தள்ளாது. இரண்டுக்கும் ஆன்-ஆஃப் வேரியபிள் வைத்து நான்கு சேர்க்கையையும் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நான்கில் ஒன்றில் கேம் நேராகிவிடும்.

ஆகவில்லை என்றால் கடைசி 20 கட்டளைகளையும் அவற்றின் பிசியையும் ஒரு லிஸ்டில் பதியவைத்து, அந்த லிஸ்டை எக்ஸ்போர்ட் செய்து, ஏற்கெனவே எமுலேட்டர் எழுதிய ஒருவரிடம் காட்டுங்கள். "ஓடலை" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. அந்த 20 வரி இருந்தால் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார்கள்.

## ஃபைலே திறக்கவில்லை

ஃபைலின் அளவைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் சேமிக்கும்போது கரண்ட் போயிருக்கிறது, அல்லது பென்டிரைவை அவசரமாகப் பிடுங்கியிருக்கிறீர்கள். அது போனதுதான், முந்தைய நகலை எடுங்கள். அளவு இருந்தும் திறக்காவிட்டால் ஃபைலின் நகல் ஒன்றை ஜிப் என்று பெயர் மாற்றித் திறக்கப் பாருங்கள். ஸ்க்ராட்ச் ஃபைல் உள்ளுக்குள் ஜிப்தான். உள்ளே ஜேசன் ஃபைல் முழுசாக இருந்தால் தெரிந்தவரால் மீட்க முடியும்.

கரண்ட் மினுக்கினாலே லேப்டாப் அணைந்துவிடுகிறது என்றால் பேட்டரி செத்துவிட்டது. ஆஃப்லைன் ஸ்க்ராட்ச் தானாகச் சேமிக்காது, பேட்டரி மாற்றும்வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையால் சேமியுங்கள். பேட்டரி உப்பி டச்பேட் மேலே தள்ளியிருந்தால் சார்ஜ் போடுவதை அப்போதே நிறுத்துங்கள். குத்துவதோ அழுத்தி மூடுவதோ கூடாது. அணைத்து, துணிமணி பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, பெரியவர்களிடம் சொல்லிக் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.